பாட்டு வகுப்புக்கும் அனுப்புங்கள்

‘பாலா’ என்று அழைக்கப்பட்ட நடனக் கலைஞர் பாலசரஸ்வதி 1925-இல் காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றில் அரங்கேறியபோது அவருக்கு ஏழு வயது. பாடம் அதோடு நின்றுவிடவில்லை. தஞ்சை நால்வர் எனும் நடன ஆசான்களின் வழிவந்த கந்தப்ப பிள்ளையின் கண்டிப்பான பயிற்சி அதன் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அபிநயத்துக்கு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் வேறு ஆசான்களிடமும் போய்க் கற்றார்.

போன வாரம் எங்கள் ஊர் லாங் பஜாரில் மளிகை வாங்க நின்றபோது, எங்கள் தெருப் பெண் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை. விடியற்காலையில் வேன் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். மகள் பரதம் கற்கிறாள். "அரங்கேற்றத்துக்குன்னு சீட்டு கட்டிட்டு வரேன்க்கா. மண்டபம், பக்கவாத்தியம், நகை, வீடியோன்னு கேக்கக் கேக்க மலைப்பா இருக்கு. பண்ணாட்டி புள்ளை கத்துக்கிட்டதுக்கு மதிப்பில்லையாமே?" என்றாள். அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ராப்பகலாக உழைக்கும் ஒரு தாயின் தலையில் இந்தப் பாரத்தை ஏற்றியது யார்?

பாலாவின் வீட்டிலோ மண்டபமும் நகையும் அல்ல, எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது பாட்டுதான். பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் பாடகி. மகளின் ஆட்டத்துக்கு மேடையில் பாடியவரும் அவரே. தம்பிகளில் ரங்கநாதன் மிருதங்கம், விஸ்வநாதன் புல்லாங்குழல். ஆட்டக்காரி என்றாலே ஊர் இளக்காரமாகப் பார்த்த காலம் அது. உறவினர்களே தடுத்தும் ஜெயம்மாள் பெண்ணை ஆட வைத்தார். அந்தத் துணிவை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

பதம் எனும் அபிநயப் பாடலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் புதிய பாவம் காட்டுவார் பாலா. முன்கூட்டியே பதிவு செய்த பாட்டுக்கு ஆடும் பிள்ளையால் இது முடியுமா? பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை அதன் பின்னால் ஓட வேண்டியதுதான். பாடத் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஒரு வரியில் நின்று நிதானிக்கத் தோன்றும்.

1940-களில் பாலாவுக்கு உடல்நலக் குறைவு, குருவின் மறைவு என அடுத்தடுத்து அடி விழுந்தது. மேடையை விட்டு விலகியிருந்து, பிறகு மீண்டு வந்தார். அறிஞர் வே. ராகவனின் முயற்சியால் மியூசிக் அகாடமியில் அவருக்கென நடனப் பள்ளி அமைந்தது. கந்தப்ப பிள்ளையின் மகன் கணேசன் அவருக்கு நட்டுவனாராக இருந்தார். 1962-இல் தொடங்கி அமெரிக்காவிலும் பாடம் சொன்னார். இசைக் கலைஞர்களுக்கென்றே இருந்த சங்கீத கலாநிதி பட்டத்தை 1973-இல் அகாடமி அவருக்கு வழங்கியது. அதைப் பெற்ற முதல் நடனக் கலைஞர் அவர்தான். 1976-இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி எடுத்த படம் அரைமணி நேரம்தான் ஓடும். நடனம் கற்கும் பிள்ளைகளுக்கு அதை ஒருமுறையாவது காட்டுங்கள்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான்: "சீட்டுப் பணத்துல மண்டபம் புடிக்காதம்மா. அதுல பாட்டு வகுப்புக்கு ஃபீஸ் கட்டு. மேடைதான் வேணும்னா ஒரு கோயில்ல கேட்டுப் பாரு. வாத்தியார் வாயால பாடிச் சொல்லித் தராங்களான்னு நாளைக்கே போய் ஒரு வகுப்பு முழுக்க உக்காந்து பாரு." மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் பாட்டு கற்றுத்தருபவர்கள் யார், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து வைக்க வேண்டும்.