8 ராக்கெட் பார்த்தும் நகராத கப்பல்... டைட்டானிக் இரவு சொல்லும் பாடம் என்ன?

சாட்டிலைட் போன், ஜிபிஎஸ் எல்லாம் வந்தாச்சு. ஆனாலும் இன்னைக்கு ஒருத்தர் கப்பல் அதிகாரி ஆகணும்னா, விளக்கை மின்ன வைத்து மோர்ஸ் முறையில் எஸ்.ஓ.எஸ். அனுப்பவும், எதிரே மின்னுவதைப் படிக்கவும் தெரிஞ்சிருக்கணும். சர்வதேச விதியே அப்படித்தான் சொல்கிறது. எதுக்கு இந்தப் பழைய முறை? அதைப் புரிஞ்சுக்க 1912 ஏப்ரல் 14ஆம் தேதி இரவுக்குப் போகணும்.

அந்த இரவு என்ன நடந்தது?

இரவு 11.40 மணிக்கு பனிப்பாறையில் மோதியது டைட்டானிக். சில மைல் தூரத்தில், பனிக்கட்டிகள் சூழ்ந்ததால் இன்ஜினை நிறுத்திவிட்டு நின்றிருந்தது 'கலிஃபோர்னியன்' என்ற கப்பல். அதில் இருந்த ஒரே வயர்லெஸ் ஆபரேட்டர் சற்று முன்புதான் தூங்கப் போயிருந்தார். டைட்டானிக்கின் வயர்லெஸ் அழைப்பு அந்தக் கப்பலுக்குக் கேட்கவே இல்லை.

மிச்சம் இருந்தது வெளிச்சம் மட்டும்தான். டைட்டானிக்கில் இருந்து வெள்ளை ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக வானில் வெடித்தன. தூரத்தில் தெரிந்த ஒரு கப்பலை நோக்கி மோர்ஸ் விளக்கையும் மின்ன வைத்தார்கள். பதில் இல்லை.

கலிஃபோர்னியனில் காவல் பணியில் இருந்தவர்கள் 8 ராக்கெட்டுகளைப் பார்த்தார்கள். அவர்களும் மோர்ஸ் விளக்கில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் பதில் இல்லை. கேப்டன் ஸ்டான்லி லார்டிடம் விஷயம் போனது. "அது கம்பெனி சிக்னலா?" என்ற ரீதியில் கேட்ட அவர், தொடர்ந்து மோர்ஸ் விளக்கில் முயற்சி செய்யச் சொன்னார். விடியும் வரை வயர்லெஸ் ஆபரேட்டரை யாருமே எழுப்பவில்லை.

அதிகாலை 2.20 மணிக்கு டைட்டானிக் மூழ்கியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

பார்த்தும் ஏன் போகலை?

அந்தக் காலத்தில் கப்பல் கம்பெனிகள் தங்களை அடையாளம் காட்டவும் இரவில் வண்ண ஒளிகளையும் வாணங்களையும் பயன்படுத்தின. ஆபத்துக்கு விடும் ராக்கெட் எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதுதான் விதி. அதனால் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வர இடம் இருந்தது.

இரண்டு கப்பலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. ஆனால் 1992ல் வெளியான பிரிட்டன் அரசின் மறுஆய்வு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. ராக்கெட்டுகள் பார்க்கப்பட்டன, எடுக்க வேண்டிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை.

அதாவது, சிக்னல் போய்ச் சேர்ந்தது. அர்த்தம்தான் போய்ச் சேரலை.

இப்போ விதி என்ன?

இன்றைய சர்வதேச கடல் விதிகளில் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. இதில் எதைப் பார்த்தாலும் 'ஆபத்து, உதவி வேணும்' என்றுதான் அர்த்தம்:

* சிவப்பு நட்சத்திரங்களாகச் சிதறும் ராக்கெட், சிறு இடைவெளியில் ஒவ்வொன்றாக
* பாராசூட்டில் இறங்கும் சிவப்பு ஒளி அல்லது கையில் பிடிக்கும் சிவப்பு ஒளி
* ஆரஞ்சு நிறப் புகை
* இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக மேலும் கீழும் அசைப்பது
* எஸ்.ஓ.எஸ். சிக்னல்: மூன்று குறுகிய, மூன்று நீண்ட, மூன்று குறுகிய மின்னல்

ஆபத்து இல்லாதபோது இவற்றைப் பயன்படுத்தத் தடை. இவற்றோடு குழம்பக்கூடிய வேறு சிக்னலுக்கும் தடை. பாராசூட் ஒளி குறைந்தது 300 மீட்டர் உயரம் போய், 40 விநாடிகள் எரிய வேண்டும் என்பதும் விதி.

மோர்ஸ் விளக்கு இன்னும் தேவையா?

வயர்லெஸ் மோர்ஸுக்கு 1999 பிப்ரவரியிலேயே விடை கொடுத்துட்டாங்க. அதன் இடத்தில் சாட்டிலைட்டும் டிஜிட்டல் ரேடியோவும் வந்துவிட்டன. ஆனால் விளக்கு மட்டும் போகலை. 150 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களிலும், எல்லா பயணிகள் கப்பல்களிலும் சிக்னல் விளக்கு இருக்கணும். அதுவும் கப்பலின் மின்சாரத்தை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது.

காரணம் எளிது. ஜெனரேட்டர் நின்றாலும், ஆன்டெனா உடைந்தாலும் விளக்கு எரியும். பால்டிக் கடல், ஹோர்முஸ் நீரிணை போன்ற பகுதிகளில் ஜிபிஎஸ் சிக்னல் குழப்பப்படுவது சமீப ஆண்டுகளில் தொடர் செய்தி. விளக்கொளியை அப்படிக் குழப்ப முடியாது. இரண்டு குறுகிய, ஒரு நீண்ட மின்னல் வந்தால் 'நீங்கள் ஆபத்தை நோக்கிப் போகிறீர்கள்' என்று பொருள். இதைப் புரிந்துகொள்ள இரு தரப்புக்கும் ஒரே மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நாம என்ன செய்யணும்?

கருவி எவ்வளவு வளர்ந்தாலும், பார்க்கிற மனிதர் செயல்பட்டால்தான் காப்பாற்ற முடியும். கலிஃபோர்னியனில் கண் இருந்தது, விளக்கு இருந்தது, வயர்லெஸ்ஸும் இருந்தது. ஒருவரைத் தட்டி எழுப்புவது மட்டும்தான் நடக்கவில்லை.

இது கரையில் நிற்கிற நமக்கும் பொருந்தும். மெரினாவிலோ ராமேஸ்வரத்திலோ நிற்கும்போது, கடலுக்குள் சிவப்பு ஒளியோ ஆரஞ்சு புகையோ தெரிந்தால் 'ஏதோ வாணவேடிக்கை' என்று வீடியோ எடுத்துவிட்டு நகர வேண்டாம். இந்திய கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554க்கு உடனே கூப்பிடுங்க. எந்தத் திசையில், எத்தனை மணிக்குப் பார்த்தீங்கன்னு சொல்லுங்க. நீங்க நினைச்சது தப்பா இருந்தாலும் பரவாயில்லை. சரியா இருந்துட்டா?