கும்மிடிப்பூண்டியில் கம்பளியா? சிரிக்காம படிங்க

உருக்காலையில வேலை பாக்குறவனுக்குக் கம்பளி கலந்த சட்டை கொடுக்கணும்னு சொன்னா, "வெயில்ல மண்டை காஞ்சு போச்சா?"ன்னு கேப்பீங்க. நம்ம திருவள்ளூர் பக்கத்து ஆடான மெட்ராஸ் சிவப்பு ஆடே கம்பளி இல்லாம வெறும் முடியோடதான் திரியுது. ஆடே வேண்டாம்னு விட்டதை மனுஷனுக்கு மாட்டச் சொல்றானேன்னு தோணும். கொஞ்சம் பொறுங்க மக்களே.

சிப்காட் ஷிப்ட் விடுற நேரத்துல பாருங்க. கண்ணுல படுற யூனிபார்ம்ல முக்காவாசி பாலியஸ்டர் காட்டன் கலவை. பாலியஸ்டர் 260 டிகிரி வாக்கில் உருகும். உருகின இரும்போ 1500 டிகிரி. ஒரு பொறி தெறிச்சா துணி இளகித் தோலோடு ஒட்டிக்கும். கம்பளி உருகாது. தீப்பிடிக்கவே 570 டிகிரிக்கு மேல வேணும், பிடிச்சாலும் கருகி அணைஞ்சுடும். தெறிக்கிற உலோகக் குழம்பு அதுல ஒட்டாம வழிஞ்சு விழும். வெளிநாட்டு வார்ப்படத் தொழிற்சாலைகளிலும் அலுமினிய ஆலைகளிலும் கம்பளிக் கலவைத் துணி போடுறது குளிருக்காக இல்லை, இதுக்காகத்தான். வியர்வை சங்கதியும் உண்டு. சாதாரண அறையில் கம்பளி தன் எடையில் சுமார் 16 சதவீதம் ஈரத்தை உள்ளே வச்சிருக்கும். பாலியஸ்டருக்கு அது 0.4 தான்.

"எல்லாம் சரி, அரிக்குமே!" இதுதான் எல்லாரும் சொல்ற பதில். அந்த அரிப்பை அளக்க முடியும்னு சொன்னா மட்டும் யாரும் காது கொடுக்கறதில்லை.

கம்பளி உறுத்துறதை அலர்ஜின்னு நினைச்சுக்கிட்டிருக்கோம். பெரும்பாலும் அது அலர்ஜி இல்லை, வெறும் இயந்திரவியல். 1980களில் ஆஸ்திரேலியாவில் சிஎஸ்ஐஆர்ஓ விஞ்ஞானிகள் இதைத் தோண்டி எடுத்தாங்க. துணியிலிருந்து நீட்டிக்கிட்டு இருக்கிற இழைமுனை தோலைக் குத்துது. மெல்லிசா இருந்தா வளைஞ்சு கொடுத்துடும். சுமார் 30 மைக்ரானுக்கு மேல தடிமனா இருந்தா வளையாம அழுத்தும். ஏறக்குறைய 75 மில்லிகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் வந்தாலே வலி நரம்பு முழிச்சுக்கும். அந்த மாதிரித் தடி இழைகள் 5 சதவீதத்தைத் தாண்டினா பலருக்கும் உறுத்தல் தெரியும். தக்காணத்து ஆட்டுக் கம்பளியைப் போத்திப் படுத்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதே கம்பளி 18 மைக்ரான் மெரினோவா இருந்தா பனியன் மாதிரி உடம்போடு ஒட்டிப் போட்டுக்கலாம்.

இதை அளக்க ஆஸ்திரேலியாக்காரங்க கம்ஃபர்ட்மீட்டர்னு ஒரு கருவியே செஞ்சாங்க. மெல்லிய கம்பி ஒண்ணு துணி மேல நகரும். நீட்டிக்கிட்டிருக்கிற முனைகள்ல மோதுறப்போ வர்ற அதிர்வைக் கணக்கெடுத்து ஒரு எண்ணாக் கொடுக்கும். அதுக்கு முன்னாடியே, 1970களில், ஜப்பானில் கவபாட்டாவும் நிவாவும் துணியை இழுத்து, வளைச்சு, அமுக்கி, உரசி 16 அளவுகளாப் பிரிச்சாங்க. அளவுகோலுக்கு ஆதாரம், கோட்டுத் துணியைக் கையால தடவிப் பாத்த ஜப்பானிய நிபுணர்களோட ரசனை. பிற்பாடு பல நாட்டு நடுவர்களை வச்சுப் பாத்தப்ப குளிர்காலத் துணியில் ஓரளவு ஒத்துப்போனாங்க, கோடைத் துணியில் ஜப்பான்காரங்க ஒரு பக்கம், மத்தவங்க ஒரு பக்கம்! சூடு வந்தாலே ரசனை பிரியுது பாருங்க.

என் சண்டை இங்கேதான். துணியை எந்த லேப்ல அளந்தாலும் பதப்படுத்தின அறையில்தான் அளக்கறாங்க. சர்வதேச வழக்கப்படி 20 டிகிரி, நம்ம இந்தியத் தரத்தில் 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம். மே மாசம் பழவேற்காடு ஏரிக் காத்து ஒரு பக்கம், உலை ஒரு பக்கம்னு நிக்கிறவன் முதுகு அந்த அறையிலயா இருக்கு? தோல் ஈரமானா உராய்வு கூடும், அதே துணி இன்னும் முரடா, எரிச்சலாத் தெரியும். 1986லயே அமெரிக்காவில் ஆய்வு பண்ணிச் சொல்லிட்டாங்க.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கம்பெனியில யூனிபார்ம் துணி தேர்வு நடந்துச்சு. பர்சேஸ் ஆபீசர் ஏசி ரூம்ல உக்காந்து சாம்பிளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல தேச்சுப் பாத்துட்டு, "ஃபீல் சூப்பர்"னார். அவ்ளோதான் டெஸ்ட். விரல்நுனியிலும் உள்ளங்கையிலும் தோல் தடிப்பு, அங்கே இந்தக் குத்தல் தெரியவே தெரியாது. முன்கையிலும் கழுத்திலும்தான் தெரியும். அதாவது சரியா தப்பான இடத்துல சோதிச்சிருக்கார் :-)

"பாதுகாப்புதான் முக்கியம், சொகுசு அப்புறம்"னு ஒரு கோஷ்டி கிளம்பும். ஐயா, உறுத்துற சட்டையை யாரும் ஒழுங்காப் போடறதில்லை. மேல் பட்டனைக் கழட்டுவான், கையை முழங்கை வரைக்கும் மடிச்சு விடுவான். அப்புறம் தீப்பிடிக்காத துணி இருந்து என்ன, கிழிஞ்சு என்ன? வெப்பப் பாதுகாப்பு உடைக்கான ஐஎஸ்ஓ 11612 தரத்தில் தீ, அனல், உருகிய இரும்புன்னு ஆறு சோதனைக்கும் ஏ முதல் எஃப் வரை ஒவ்வொரு எழுத்து. தோல் உறுத்தலுக்கு அதுல எழுத்தே கிடையாது.

கருப்புக் கோட்டு வக்கீல்களுக்குக்கூட உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம் தவிர மத்த கோர்ட்டுல கோடையில் கோட்டு கட்டாயமில்லைன்னு பார் கவுன்சில் விதியே இருக்கு. வெல்டருக்கு யார் விதி எழுதுறது? கான்ட்ராக்ட்ல வந்த ஒடிசா, பீகார் பசங்களுக்கு சட்டை கிடைச்சாலே பெரிய விஷயம்.

கோடி ரூபா மெஷினெல்லாம் நான் கேக்கலை. பர்ச்சேஸ் ஆர்டர்ல ஒரு வரி எழுதுங்க: 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழை 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். வியர்வை கணக்குல வர்றதால அதையும் இன்னும் குறைச்சுக் கேளுங்க. அப்புறம் மே மாசத்துல, உலைப் பக்கத்துல, இருபது பேருக்கு ரெண்டு வித சட்டை மாத்தி மாத்தி ரெண்டு ஷிப்ட் கொடுங்க. எட்டு மணி நேரம் கழிச்சு கழுத்து, முன்கை, முதுகு எங்கே உறுத்துதுன்னு மார்க் போடச் சொல்லுங்க. ஃபாரம் தமிழ்லயும் இந்தியிலயும் ஒடியாவுலயும் இருக்கட்டும். சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கக் கூடாது.

டிஸ்கி: "காட்டன் போதுமே"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்களுக்கு: தீத்தடுப்பு வேதிப்பூச்சு இல்லாத காட்டன் நல்லாவே எரியும். பூச்சு போட்ட காட்டன்னா, அதையும் இதே இருபது பேருக்கு மாட்டி மார்க் வாங்கிட்டு வாங்க, பேசலாம்.