ஒரே இரவில் 12%-லிருந்து 5%: ஆம்பூர் டேனரி பில்லுக்குப் பின்னால் உள்ள 'டெவ்ஆப்ஸ்' என்றால் என்ன?

2025 செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை இரவு வரை தோல் பதனிடும் ஜாப் ஒர்க்குக்கு ஜிஎஸ்டி 12%. மறுநாள் காலையில் 5%. பதப்படுத்திய தோலுக்கும் 5%. ஜோடி 2,500 ரூபாய் வரை விலையுள்ள காலணிக்கும் 5%.

ஜிஎஸ்டி கவுன்சில் இந்த முடிவை எடுத்தது செப்டம்பர் 3-ம் தேதி. அமலுக்கு வந்தது 22-ம் தேதி. நடுவில் கிடைத்தது 19 நாள்தான். அதற்குள் நாடு முழுக்க பில் போடும் மென்பொருள்கள் மாறியாக வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிலில் இது சின்ன விஷயம் இல்லை.

காரணம், இங்கே தோல் ஒரே கூரைக்குக் கீழ் செருப்பாக மாறுவதில்லை. ஒரு ஷெட்டில் வெட் ப்ளூ, இன்னொரு இடத்தில் ஃபினிஷிங், வேறொரு யூனிட்டில் ஷூ அப்பர் தையல் என்று சரக்கு ஊர் ஊராகப் போய் வரும். ஒவ்வொரு நகர்வுக்கும் டெலிவரி சலான், பில், மதிப்பு அதிகமானால் இ-வே பில். மென்பொருள் தடுக்கினால் லாரி நிற்கும்.

நம்பரை மாத்தினா போதாதா?

போதாது. செப்டம்பர் 20-ல் போட்ட பில்லில் ஒரு பகுதி சரக்கு திரும்பி வருகிறது, 25-ம் தேதி கிரெடிட் நோட் போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பழைய விகிதம்தான். ஆனால் அதே 25-ம் தேதி முடித்துக் கொடுத்த புது வேலைக்கு 5%. காலணியில் இன்னொரு சிக்கல்: 2,500 ரூபாய் ஜோடிக்கு 5%, 2,501 ரூபாய் என்றால் 18%. ஆக, மாற்ற வேண்டியது ஒரு எண் இல்லை, ஒரு விதி. அதை எழுதியவரே மறந்துவிடக்கூடிய மூலைகள் அதில் நிறைய.

சரி, டெவ்ஆப்ஸ் எங்கே வருது?

மென்பொருள் நிறுவனங்களில் பல காலமாக இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று, நிரல் எழுதுகிறவர்கள். இன்னொன்று, அதை சர்வரில் ஏற்றி இரவு பகலாக ஓட வைக்கிறவர்கள். முதல் கூட்டத்துக்குப் புதிதாக ஏதாவது சீக்கிரம் வெளியே போக வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு எதையும் தொடாமல் இருந்தாலே நிம்மதி. 'என் கம்ப்யூட்டர்ல ஓடுதே' என்பது ஒரு பக்கம். 'நைட்டு விழுந்தா போன் எனக்குத்தானே வருது' என்பது மறுபக்கம்.

இந்த இரண்டு வேலையையும் ஒரே பொறுப்பாக்கும் முறைக்குத்தான் டெவ்ஆப்ஸ் என்று பெயர். 2009-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா நடத்திய கூட்டத்தின் வழியாக இந்தப் பெயர் பரவியது. இதன் முதுகெலும்பு, வெளியீட்டைத் தானியங்கியாக்குவது. ஒருவர் நிரலை மாற்றியதும் சோதனைகள் தானாக ஓடும். மேலே சொன்ன கிரெடிட் நோட் கணக்கு, 2,501 ரூபாய் செருப்பு எல்லாம் அந்தச் சோதனையில் இருக்கும். ஒன்று தவறினாலும் வெளியீடு அங்கேயே நின்றுவிடும். எல்லாம் தேறினால் முதலில் சில சர்வர்களில் மட்டும் போகும். சிக்கல் வந்தால் பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம்.

டேனரிக்காரர்களுக்கு இது புதுசே இல்லை. புதுச் சாயத்தை எடுத்ததும் பெரிய டிரம்மில் யாரும் கொட்டுவதில்லை. சின்ன டிரம்மில் நாலு தோலைப் போட்டு நிறம் பார்த்த பிறகுதான் முழு லாட்.

கையால் செய்தால் என்ன ஆகும்?

2012 ஆகஸ்ட் 1. அமெரிக்கப் பங்குச்சந்தை நிறுவனமான நைட் கேப்பிட்டல் புது நிரலை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. கையால் செய்த வேலையில் ஒரு சர்வர் விடுபட்டது. அதிலிருந்த பழைய நிரல் தாறுமாறாகப் பங்குகளை வாங்கி விற்றது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

அதற்காகத் தானியங்கி என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிட முடியாது. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் தானாகவே உலகம் முழுக்கப் போய், சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தது அன்றுதான். பெல்ட் வேகமாக ஓடியது, சின்ன டிரம் இல்லை.

நம்ம ஊர் அனுபவம் என்ன?

இ-வே பில்லையே எடுத்துக்கொள்ளலாம். தேசியத் தகவலியல் மையமான என்ஐசி உருவாக்கிய அந்தத் தளம், 2018 ஜனவரி 16 முதல் சோதனையில் இருந்தது. பிப்ரவரி 1-ல் கட்டாயமானது. லாரிகளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் பில் எடுக்க வர, தளம் முதல் நாளே திணறியது. அன்றைக்கே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இரண்டாம் முறை அரசு அவசரப்படவில்லை. ஏப்ரல் 1-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு மட்டும். மாநிலத்துக்குள் போகும் சரக்குக்கு முதலில் கர்நாடகா, ஏப்ரல் 15-ல் கேரளா, ஆந்திரா உள்ளிட்ட 5 மாநிலங்கள். தமிழ்நாட்டின் முறை வந்தது ஜூன் 2-ல்தான். தளம் தாங்கியது. அரசு மொழியில் இதற்குப் பெயர் 'கட்டம் கட்டமாக அமல்'. மென்பொருள்காரர்கள் செய்யும் படிப்படியான வெளியீடும் கிட்டத்தட்ட இதேதான்.

அப்போ பிரச்சினை தீர்ந்ததா?

பெரிய ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஓரளவு தீர்ந்தது என்று சொல்லலாம். அவர்களின் மென்பொருள் மையமான சர்வரில் ஓடுகிறது, மாற்றம் ஒரே இடத்தில் நடக்கிறது. சின்ன ஜாப் ஒர்க் யூனிட் கதை வேறு. ஒரே ஒரு கம்ப்யூட்டர், எப்போதோ வாங்கிய கணக்கு மென்பொருள், சாயங்காலம் வந்து போகும் அக்கவுன்டன்ட். சென்னையிலோ பெங்களூருவிலோ எத்தனை சோதனை தானாக ஓடினாலும், இந்த மேசையில் வரி விகிதத்தை ஒரு மனிதர்தான் கையால் மாற்ற வேண்டும். நைட் கேப்பிட்டலின் எட்டாவது சர்வர் இங்கே இந்த மேசைதான்.

5%-க்குப் பதில் 12% போட்டு பில் போனால், வேலை கொடுத்த கம்பெனி அதைத் திருப்பி அனுப்பும். பில் சரியாகும் வரை கூலிப் பணம் நிற்கும். வாரக் கூலி கொடுக்க வேண்டிய யூனிட்டுக்கு நாலு நாள் தாமதமே பெரிய அடி. டெவ்ஆப்ஸ் பற்றிய பேச்சு இந்தக் கடைசி மேசையைப் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதே இல்லை.

அரசுத் தளங்கள் பக்கம் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் 'இ-வே பில் 2.0' என்ற இரண்டாவது தளமும் இயங்குகிறது. பழைய தளத்தில் எடுத்த பில்லை இதிலும் கையாளலாம். ஆம்பூரிலிருந்து கிளம்பிய லாரி வாலாஜா அருகே பழுதாகி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்ற வேண்டியிருக்கிறது, அந்த நேரம் பார்த்து முதன்மைத் தளம் படுத்துவிட்டது என்றாலும், 2.0-வில் போய்ப் புது வண்டி எண்ணைப் பதிவு செய்துவிட்டு வண்டியை நகர்த்தலாம்.