கண்டனம் என்னும் சொல்

"வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்னும் தொடரைக் காணாத நாளில்லை. சில பதாகைகளில் அது 'வண்மையாக' என்றும் காணப்படும். வன்மை என்பது வலிமை, வண்மையோ கொடைத்தன்மை. வாரி வழங்கிக் கண்டிப்பது எங்ஙனம் என்று நாம் நகைப்பதுண்டு. ஆயினும் பெரிய பிழை அந்த எழுத்தில் இல்லை.

கண்டனம் வடசொல். 'கண்டதுண்டம்' என்கிறோமே, அதிலுள்ள கண்டமே இதற்கும் அடி. துண்டித்தல் என்பது பொருள். தத்துவ வாதங்களில் எதிராளியின் கொள்கையைக் காரணங்காட்டித் தகர்ப்பதே கண்டனம் எனப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் ஸ்ரீஹர்ஷர் இயற்றிய வாதநூலின் பெயரே கண்டன கண்ட காத்யம். நன்னூலாரும் எழுவகை மதத்துள் மறுத்தலோடு நில்லாமல், பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலையும் சேர்த்தார். மறுப்பதற்கு முன் பொறுமையாகக் கேட்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

நம் மக்களவை நடைமுறையிலும் இவ்வேறுபாடு உண்டு. நம்பிக்கையில்லாத் தீர்மானத்திற்குக் காரணம் கூற வேண்டுவதில்லை; கண்டனத் தீர்மானத்திற்கோ கூறியே ஆகவேண்டும்.

அண்மையில் ஆசிரியர் கூட்டமொன்றிற்காகக் கண்டனத் தீர்மானம் எழுதும் பணி நம்மிடம் வந்தது. 'வன்மையாக', 'கடுமையாக' என்று ஒரு பக்கம் நிரப்பினோம். படித்துப் பார்த்தபோது, நிகழ்ந்த தவறு இன்னதென்று ஒரு வரியும் அதில் இல்லை. அடைமொழிகளை அடித்துவிட்டுக் காரணங்களை எழுதினோம். நான்கே வரிகள் தேறின. சினம் தணிந்திருந்தது, கண்டனமோ கூர்மை பெற்றிருந்தது.

காரணம் சொல்லாத கண்டனம் வெறும் வசையே. அதற்கு யாரும் விடை சொல்ல வேண்டியதில்லை.