விசிலுக்கு முன்னால்

காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் எங்கள் மாலைப் படிப்பகம் விடியற்காலை நாலரைக்கே கூடிவிடும். உடல்திறன் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டர், 7 நிமிடம். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். 7 நிமிடம் என்றால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 நொடி. முதல் சுற்றை 85 நொடியில் பறந்துவிட்டு மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்க்கிறோம்.

சுற்று என்று சொல்கிறோமே தவிர, எங்களுக்கு ஏது சுற்று? பொது மைதானம் ஊருக்குள் இருக்கிறது. காலனிப் பிள்ளைகள் அங்கே போனால் "இங்க என்னடா வேலை" என்ற கேள்வி முதலில் வரும். ஆகவே பைபாஸ் ஓரம், டேப் வைத்து அளந்து சுண்ணாம்பில் கோடு போட்டு, லாரி வெளிச்சத்தில் ஓட்டம்.

சிலர் கையில் மலிவு விலை ஸ்மார்ட் வாட்ச் கட்டியிருக்கிறார்கள். குறை சொல்ல மாட்டோம். ஆனால் ஓடும்போது பட்டை தளர்ந்தால் அது காலடியை எண்ணிவிட்டு நாடித்துடிப்பு என்று காட்டும். நின்று, கழுத்தில் இரண்டு விரல் வைத்து, 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 220-இல் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு, அதுவும் தோராயம்தான். இருபது வயதுக்கு 200. வாரத்தில் பாதி நாளுக்கு மேல் 120-இலிருந்து 140-க்குள், பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். மெதுவாக ஓட வெட்கப்படுகிறார்கள், அதுதான் சிக்கல்.

போன ஆண்டு ஒரு தங்கை மெதுவோட்டத்திலேயே 180-ஐத் தாண்டினார். பயிற்சி போதாது என்று நாங்களும் சொன்னோம், இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8. இரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் குறைந்தால் இதயம் கூடுதலாக அடித்து ஈடுகட்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. எங்கள் தெருவில் அது புள்ளிவிவரம் இல்லை, காலைச் சாப்பாடு இல்லாத வீடு.

மைதானத்தில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பவருக்கு அந்த இரண்டரை நிமிடம் மட்டுமே தெரியும். தகுதி தகுதி என்று பேசுகிறவர்களும் விசில் ஊதியதிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள். பட்டியல் சாதியினருக்கு உயரத்தில் தரும் தளர்வைப் பிச்சை போலச் சொல்கிற யாரும், எங்கள் பிள்ளைகளுக்கு மைதானம் மறுக்கப்பட்ட ஆண்டுகளை அளந்து பார்த்ததில்லை.

அதனால் எங்கள் நோட்டில் இப்போது வேகத்துக்கும் துடிப்புக்கும் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டம் போட்டிருக்கிறோம்: நேற்றைய வேலை, தூக்கம், சாப்பாடு. கல்யாண மண்டபத்தில் இரவெல்லாம் பாத்திரம் கழுவியவரின் காலைத் துடிப்பு பத்துப் பன்னிரண்டு கூடியிருக்கும். அன்று ஓய்வு.

அந்தத் தங்கை மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை எடுத்தார். அதே வேகத்தில் இப்போது 150. அடுத்த கிராம சபையில் பொது மைதானத்தை எல்லோருக்கும் திறக்கக் கேட்டு மனு கொடுக்கிறோம். நோட்டையும் கையோடு கொண்டுபோகிறோம்.