பந்தை முதல் துள்ள விடுங்கோ

போன கிழமை சின்னம்மாவின்ர மகன் யாழ்ப்பாணத்திலயிருந்து வட்ஸ்அப்பில எடுத்தவன். ஏ.எல் எழுதிப்போட்டு றிசல்ட்ஸுக்குக் காத்திருக்கிறான். "அண்ணா, நான் அனிமேஷன் படிக்கப் போறன். என்ன கொம்பியூட்டர் வாங்கிறது? என்ன மென்பொருள் பழகிறது?" பின்னால நிண்ட சின்னம்மா போனைப் பறிச்சு, "உவன் சொல்லுற கணக்கைப் பாத்தால் தோட்டக் காணியில ரண்டு பரப்பை ஈடு வைக்கோணும் போல கிடக்கு. நீயாவது ஒரு புத்தி சொல்லு தம்பி" எண்டா.

நான் சொன்ன புத்தி இதுதான்: "ஒண்டும் வாங்காத. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்து, ஒரு பந்து துள்ளுறதைக் கீறு."

நான் நக்கலடிக்கிறன் எண்டு நினைச்சுப் பெடியன் போனை வைச்சிட்டான். அதால இந்தப் பதிவு. அவனுக்கும், அவனைப் போல கேட்கிற எல்லாருக்கும்.

நான் சென்ட் லோரன்டுக்கு வந்து சேந்த முதல் பனிக்காலத்தில எனக்கும் இதே எண்ணந்தான். வகுப்பில முதல் பயிற்சியே துள்ளுற பந்து. ஏ.எல்லில பௌதிகம் படிச்ச எனக்குப் பந்தோ எண்டு சிரிச்சன். திரையில ஒரு செக்கனுக்கு 24 படச்சட்டம். ஒரு படத்தை ரண்டு சட்டத்துக்கு வைச்சால் செக்கனுக்கு 12 படம் கீறினால் போதும். அடிமட்டம் வைச்சு, சம இடைவெளி விட்டு, வடிவாக் கீறிக் கொண்டு போய்க் குடுத்தன். ஓட்டிப் பாத்த வாத்தியார் சொன்னது ஒரே வசனம்: "இது பந்தில்லை, லிப்ட்."

உண்மைதான். என்ர பந்து மேல போச்சு, கீழ வந்தது. துள்ளவே இல்லை.

அண்டிரவு பழைய பௌதிகப் பாடம் ஞாபகம் வந்தது. விழுற பொருள் சம நேர இடைவெளிகளில போற தூரம் 1, 3, 5, 7 எண்டு கூடிக்கொண்டு போகும். அரைச் செக்கனில ஒரு பந்து கிட்டத்தட்ட 1.2 மீற்றர் விழும். அதை ஆறு இடைவெளியாப் பிரிச்சால் முதலாவதில மூண்டரைச் சென்ரிமீற்றர் கூட இல்லை, கடைசியில 37 சென்ரிமீற்றர். அதாவது உச்சியில படங்கள் நெருக்கமா இருக்கவேணும், நிலத்துக்குக் கிட்ட ஐதா இருக்கவேணும். இந்தக் கணக்கைச் சோதினையில சரியாச் செய்து மாக்ஸ் வாங்கினவன் நான். ஆனா ஒருநாளும் ஒரு பந்தைக் கண்ணால பாத்திருக்கேல்லை. அதுதான் அண்டைக்கு உறைச்சது.

இன்னொரு விசயமும் விளங்கிச்சு. அதே வட்டத்தைக் கீறி, இடைவெளிகளை மட்டும் மாத்தினால் அது ரெனிஸ் பந்தாகும், பலூனாகும், இரும்புக் குண்டாகும். எங்கட ஊர்ப் பனம்பழம் தொம்மெண்டு விழுந்தால் எழும்பாது, ஒரு சின்ன உருளலோட சரி. பாரம் கோட்டில இல்லை, நேரத்தில இருக்கு.

இதை நான் படிச்ச இடமும் சும்மா இடமில்லை. கனடாவின்ர தேசிய திரைப்படச் சபை 1956இல ஒட்டாவாவில இருந்து வந்து, 2019இல மொன்றியல் நகர மையத்துக்குப் போகும்வரை சென்ட் லோரன்டில, கோட் டி லியஸ் வீதியிலதான் இருந்தது. ஸ்கொட்லாந்தில பிறந்து 1941இல சபையில சேர்ந்த நோர்மன் மக்லரன், கிராண்ட் மன்றோவோட சேந்து 1976 முதல் 1978 வரை ஐந்து பாகமா ஒரு பாடப் படம் எடுத்தவர். கதை இல்லை, கதாபாத்திரம் இல்லை. ஒரு சின்ன வட்டம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். சீரான வேகம், கூடுற வேகம், குறையிற வேகம், அசையாமல் நிக்கிறது, ஒழுங்கில்லாத அசைவு எண்டு ஒவ்வொண்டாக் காட்டுவார். ஒஸ்கார் வாங்கின ஆள், கடைசிக் காலத்தில உட்கார்ந்து சொல்லித்தந்தது வட்டம் நகருறதை. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?

அந்த ஒஸ்கார் கிடைச்ச 'அயலவர்' (1952) படத்தையும் ஒருக்காப் பாருங்கோ. எல்லையில முளைச்ச ஒரு பூவுக்காக ரண்டு அயலவர் அடிபட்டுச் சாகிற எட்டு நிமிசக் கதை. அப்பிடியே எங்கட வேலிச்சண்டை! அதில ஒரு அயலவரா நடிச்சதும் மன்றோதான். உயிருள்ள ஆக்களையே பொம்மை மாதிரிச் சட்டம் சட்டமா நகர்த்தி எடுத்த படம். எங்கட ஊரில இந்தக் கலை எப்பவோ இருக்கு: வரியவரிய வேலி அடைக்கேக்க கதியாலை ஒரு அங்குலம் தள்ளி நடுறது. ஆரும் அசைவைக் காணமாட்டினம். பத்து வரியத்தை ஒண்டா ஓட்டிப் பாத்தால்தான் வேலி நடக்கிறது தெரியும் :-)

"எனக்குக் கீறத் தெரியாது" எண்டு சொல்லுற ஆக்களுக்கு: குஜராத்தில பிறந்து, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில படிச்சு, இதே சபையில வேலை செய்த இஷு பட்டேல், ஆயிரக்கணக்கான பாசிமணிகளைக் கமராவுக்குக் கீழ அடுக்கி நகர்த்தி 1977இல ஒரு படம் செய்தவர். ஒஸ்காருக்குப் பரிந்துரையானது. வீட்டில பாசிமணி இல்லாட்டில் பயறு இருக்கும்தானே.

சரி, அவனுக்கு நான் எழுதி அனுப்பின பயிற்சிகள். முதலாவது பந்து. ரண்டாவது ஊஞ்சல்: ரண்டு அந்தத்திலயும் மெதுவாகி, நடுவில வேகம் எடுக்கவேணும். மூண்டாவது கிணத்துத் துலா: அதின்ர நுனி நேர்கோட்டில போகாது, வளைஞ்சுதான் போகும். எங்கட கையும் காலும் தலையும் அப்பிடித்தான். நாலாவது பட்டம்: பட்டம் திரும்பின பிறகுதான் வால் திரும்பும், பட்டம் நிண்ட பிறகும் வால் ஆடும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில போய் நிண்டால் ஒரு பின்னேரத்தில படிக்கலாம். ஐந்தாவது அரை மூட்டை மா: கண் மூக்கு ஒண்டும் இல்லாத அந்தச் சாக்கைப் பாயப் பண்ணவேணும். பாய முதல் அது குந்தவேணும், விழேக்க நசுங்கவேணும், ஆனா உள்ளுக்குள்ள இருக்கிற மா கூடவோ குறையவோ கூடாது. பழைய டிஸ்னிக்காரர் பழகினதும் இதே மாச்சாக்குத்தான். ஃபிராங்க் தோமஸும் ஒல்லி ஜோன்ஸ்ரனும் 1981இல எழுதின புத்தகத்தில உள்ள 12 விதிகளில பாதிக்கு மேல இந்த ஐந்துக்குள்ள வந்திடும். போன் கமராவும் ஒரு இலவசச் செயலியும் காணும், ஓட்டிப் பாக்க.

இப்ப சண்டைக்கு வருவியள் எண்டு தெரியும். "வேலைக்குப் போனால் மென்பொருள் தெரியுமோ எண்டுதானே கேப்பினம்?" ஓம், கேப்பினம். பழகத்தான் வேணும். ஆனா எது முதல்? ஃபிளாஷ் பழகினால் பிழைச்சுக்கொள்ளலாம் எண்டு ஒரு காலம் இருந்தது. 2020 முடிவோட அடோபி ஃபிளாஷ் பிளேயரை நிப்பாட்டிப்போட்டுது. பந்து இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கு. மறுபக்கம், லத்வியாவில இருந்து வந்த 'ஃப்ளோ' (2024) இலவச மென்பொருளான பிளெண்டரில செய்த படம். 2025இல ஒஸ்கார் வாங்கினது. கருவி எல்லாருக்கும் சும்மா கிடைக்கிற காலத்தில, கருவியைப் பழக்கக் காணி ஈடு கேட்கிற வகுப்புகளில எனக்கு நம்பிக்கை இல்லை. செயற்கை நுண்ணறிவிட்ட சொன்னால் ஒரு நிமிசத்தில அசைவு தரும் எண்டும் சொல்லுவியள். தரும். அது தந்த அசைவு ஏன் பிழையா இருக்கு எண்டு கண்டுபிடிக்க ஒரு கண் வேணுமே? அந்தக் கண்ணைத்தான் பந்து தருகுது.

எங்கட பக்கத்துப் பெரிய உதாரணம் 'கோச்சடையான்' (2014). நடிகர்களின்ர உண்மையான அசைவைப் பதிஞ்சு செய்த படம். அப்பிடியிருந்தும் கனக்க இடத்தில கால் நிலத்தில பாரமா ஊண்டேல்லை எண்டதுதான் என்ர எண்ணம். காசு, நேரம் எண்டு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனா தொழில்நுட்பம் தன்ரபாட்டில பாரத்தைக் கொண்டுவராது எண்டதுக்கு எனக்கு அது நல்ல பாடம்.

முந்தநாள் தம்பியிட்டயிருந்து ஒரு வீடியோ வந்தது. கோபம் போயிருக்கு. கொப்பித் தாளில 14 படம். நிலத்துக்குக் கிட்ட நல்லா ஓடுது, உச்சியில மட்டும் என்ர பழைய லிப்ட். கீழ ஒரு வரி: "அண்ணா, மேல போய் ஒரு சொட்டு நிக்கிற மாதிரி ஏன் வருதில்லை?"

றிசல்ட்ஸ் எப்பிடி வந்தாலும் பரவாயில்லை, இந்தக் கேள்வி வந்திட்டுது. சின்னம்மாவுக்கு உடனே எடுத்துச் சொன்னன்: "காணியை இப்ப ஈடு வைக்காதேங்கோ. பெடியனுக்கு இன்னும் ரண்டு கொப்பி வாங்கிக் குடுங்கோ."

பி.கு: அசைவு பாக்கப் பழகிறதுக்கு எங்கட ஊர்ச் சாமான் வேறை ஏதும் ஞாபகம் வந்தால் பின்னூட்டத்தில போட்டுவிடுங்கோ. உலக்கை எண்டு ஆரும் சொல்லமுதல் நானே சொல்லிப்போட்டன் :-)