ஏன் வெட்டினாய்?

2024 டிசம்பரில் நம்ம குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அன்றிலிருந்து ஹாஸ்டலில் செஸ் போர்டுக்கு ஓய்வே இல்லை. நல்லதுதான். ஆனால் ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டியதை நாம் எடுத்துக்கொண்டோமா?

நம்மில் பலருக்குப் பிடித்த தொடக்கம் 'ஃப்ரைட் லிவர்'. தமிழில் சொன்னால் வறுத்த ஈரல்! வெள்ளையின் பிஷப்பும் குதிரையும் எஃப்7 கட்டத்தைக் குறிவைக்கும். அங்கே காவலுக்கு ராஜா மட்டுமே. கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ளும். வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டும். கறுப்பு குதிரையால் திருப்பி வெட்டினால், வெள்ளை எஃப்7-இல் தன் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை நடுத்தெருவுக்கு இழுத்துவிடும்.

போன மாதம் எலக்ட்ரிகல் தம்பி ஒருவன் இதை ஆடினான். எதிரே மெக்கானிக்கல் சீனியர். அவர் திருப்பி வெட்டவில்லை. இன்னொரு குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்கினார். தம்பியோ மனப்பாடப்படி எஃப்7-இல் வெட்டினான். குதிரை போச்சு, அடுத்த நகர்விலேயே பிஷப்பும் போச்சு.

"ஏன்டா தம்பி அங்க வெட்டின?"

"அப்படித்தாண்ணே ஆடணும்!"

சீனியர் சிரிக்கவில்லை. காய்களைத் திரும்ப அடுக்கினார். டி5-இல் நிற்பது வெள்ளையின் சொந்தச் சிப்பாய். பிஷப்பின் வழியை அதுவே மறைக்கிறது. பிஷப்பை பி5-க்கு நகர்த்தி செக் சொல்லியிருக்கணும் என்று காட்டினார். வேடிக்கை பார்த்த எங்களுக்கும் விளங்கியது.

நாம் படிப்பதும் அந்தத் தம்பி ஆடியது போலத்தானே? முக்கியக் கேள்விகளை உருப்போடுகிறோம். வைவாவில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் திருதிருவென முழிக்கிறோம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "நல்லா எழுதினியாப்பா?" என்று அப்பா கேட்பார்; அதற்கு மேல் கேட்க அவருக்கு வழியில்லை. இங்கே பாதிப் பேர் வீட்டில் இதே நிலைதான். "ஏன்?" என்று நம்மைக் கேட்க வீட்டில் ஆள் இல்லையென்றால், நாமேதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செஸ்ஸில் தோற்றவனும் ஜெயித்தவனும் சேர்ந்து உட்கார்ந்து ஆட்டத்தை அலசுவார்கள். பரீட்சை முடிந்ததும் நாம் செய்வது என்ன? கேள்வித்தாளைக் கிழித்துப் போடுகிறோம். அரியர் வைத்தவன் தனியாக அழுகிறான்.

மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் ஒரு மாலை, சீனியரும் ஜூனியரும் கேள்வித்தாளோடு ஒன்றாக உட்கார இடம் ஏற்பாடு செய்யுங்கள். பணச் செலவு கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தைரியம் மட்டும் போதும்.

வெட்டுவோம் நண்பர்களே, ஏன் வெட்டுகிறோம் என்று தெரிந்து வெட்டுவோம்!